பதினோராவது ஜோடி

காலை எட்டரை மணி. சதுப்பு நிலத்துக்குள் போகும் பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டு வழிகாட்டி மாரிகா எங்களை எண்ணினாள். நாங்கள் இருந்ததே இரண்டு பேர். அதை மூன்று தடவை எண்ணினாள்.

“ஒண்ணு, ரெண்டு” என்று அவள் விரல் என் பக்கம் திரும்பிய ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தேன்.

“இன்னொரு தடவை வேணா எண்ணிப் பாருங்க. நூத்திப் பதினெட்டு கிலோ இருக்கேன், மூணுன்னு வந்தாலும் தப்பில்ல” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “மன்னிச்சுக்கங்க. இப்பல்லாம் எதை எண்ணினாலும் சரியா எண்ணினேனான்னு சந்தேகமா இருக்கு. வீட்ல முட்டையைக்கூட ரெண்டு தடவை எண்ணறேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு ஜோடி சதுப்புச் செருப்புகளை எங்கள் முன்னால் போட்டாள். பூட்ஸுக்கு அடியில் வார் போட்டுக் கட்டிக்கொள்ளும் அகலமான முட்டை வடிவச் சட்டம் அது. கட்டிக்கொண்டால் பாசியில் கால் புதையாது. கட்டாவிட்டால் புதையும். எவ்வளவு ஆழம் என்பது அவரவர் ராசி.

என் முதலாளி உர்வே காஸ்க் குனிந்து வாரை இறுக்கினார். வில்யாண்டியில் இருபத்தாறு வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிற அம்மாள். ஐம்பத்தெட்டு வயது, ஐம்பத்தெட்டு கிலோ. நான் ரைவோ, அவருடைய உதவியாள். கார் ஓட்டுவேன், ரொட்டி கட்டுவேன், வாயடிப்பேன். பயம் வந்தால் கொஞ்சம் அதிகமாக வாயடிப்பேன்.

“நடந்து ஆத்தங்கரை வரைக்கும், அங்கேர்ந்து கயாக்ல உங்க துறை வரைக்கும். அன்னிக்குப் போன மாதிரியே போறோம்” என்றார் பாஸ்.

“நாலு மணிக்குள்ள வந்துடுங்க மேடம். நாலு மணிக்கு நான் பூட்டிட்டுக் கிளம்பணும்.” மாரிகா தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டாள். அதில் ஒரு உறை துருத்திக்கொண்டு நின்றது. “வழிகாட்டி அனுமதி குடுக்கற ஆபீஸ்ல அஞ்சு வரைக்கும் இருப்பாங்க. தப்பு என்னோடதுதான், நான்தான் சரியா எண்ணலன்னு எழுதிட்டேன். இந்தத் தொழிலே இனி வேணாம். உங்களை யார் வரச் சொன்னாங்கன்னு தெரியல. நான் சொல்லல.”

“ஆமா, நீ சொல்லல” என்றார் பாஸ். வேறு யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. காரில் வரும்போது நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் இதே இடத்திலிருந்து மாரிகா பதினோரு பேரைச் சதுப்புக்குள் கூட்டிப்போனாள். காலையில் நடை, மத்தியானம் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, சாயங்காலம் துறையில் பட்டாணி சூப். ஒருநாள் பயணம், அவ்வளவுதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு எண்டெல் என்ற எழுபத்தொரு வயதுக்காரரின் தங்கை போன் பண்ணி, அண்ணன் வீட்டுக்கே வரவில்லை என்றாள். பத்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள். இடுப்பு வரைக்கும் பாசிக்குள் புதைந்து, ஒரு குட்டைப் பைன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றிருக்கிறார். இப்போது பார்னு ஆஸ்பத்திரியில் நிமோனியாவோடு கிடக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று கேள்வி.

மாரிகா முதல் இரண்டு நாள் அடித்துச் சொன்னாள். ஆற்றங்கரைக் கம்பியில் பதினோரு ஜோடி செருப்பு தொங்கியது, எண்ணினேன். துறைக்கு ஆறு படகும் வந்தன, அதையும் எண்ணினேன். யாரும் நம்பவில்லை. செருப்புகளை டிராக்டரில் அள்ளிப்போட்டு மற்றச் செருப்புகளோடு கலந்தாகிவிட்டது. மூன்றாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. நாலாம் நாள் சந்தேகம் போய், தான்தான் தப்பாக எண்ணினோம் என்று நம்பத் தொடங்கிவிட்டாள்.

இது ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவள் சரியாகத்தான் எண்ணினாள். பதினோராவது ஜோடியைத் தொங்கவிட்டவன் நான்.

அந்தப் பயணத்துக்கு நான் போனது பாஸ் என் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில். “உடம்பு கொஞ்சம் அசையட்டும்” என்று சொல்லிக் கொடுத்தார். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுத்த பரிசில் போய் இந்த வேலையைப் பண்ணிவிட்டு, இப்போது அவர் பின்னாலேயே சாட்சி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

*

பலகைப் பாதை முடிந்து பாசியில் இறங்கினோம். குதிரை ஈக்கள் என் கழுத்தில் விருந்து வைத்தன.

“அன்னிக்கு வரிசையில நீ எங்க இருந்த?” என்றார் பாஸ் திரும்பாமலே.

“கடைசியில. என்னிக்கும் கடைசிதான் பாஸ். எனக்குப் பின்னாடி யாராவது நடந்தா அவங்களுக்கு எதிர்ல இருக்கற எதுவும் தெரியாது.”

“எண்டெல்?”

“முன்னாடி எங்கயோ” என்றேன். பொய்.

பாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே கட்டம் போட்ட நோட்டில் கிழித்த தாள். கோணல்மாணலாக இரண்டு வரி இருந்தது. ‘மூணாவது குட்டைக்குக் கிழக்கே தேடுங்க. ஜாக்கிரதை, கால்ல செருப்பு இல்ல, திட்டு திட்டாத்தான் போயிருப்பார்.’

நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டேன். இடது கையால் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

“தேட வந்தவங்க வண்டியில, கண்ணாடி துடைப்பானுக்கு அடியில காலையில ஒம்பது மணிக்கு யாரோ சொருகி வெச்சிருக்காங்க. இதைப் பாத்துத்தான் கிழவரைக் கண்டுபிடிச்சாங்க. இல்லன்னா பொணத்தைத்தான் எடுத்திருப்பாங்க. சொல்லு, இதுல என்ன தெரியுது?”

“எழுதினவன் பள்ளிக்கூடத்துல கையெழுத்துக்கு அடி வாங்கினவன்.”

“வேற?”

“வேற... நல்லவன் பாஸ். உயிரைக் காப்பாத்தியிருக்கான்.”

“நல்லவன்னா நேர்ல வந்து சொல்லியிருப்பான். ரெண்டாவது வரியைப் படி. எண்டெல் கால்ல செருப்பு இல்லைங்கறது அவரைத் தூக்கினவங்களுக்கே பத்து மணிக்குத்தான் தெரியும். அவங்களும் அது சேத்துக்குள்ள போயிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. இவனுக்கு ஒம்பது மணிக்கே எப்படித் தெரியும்?”

நான் ஈயை அடிக்கிற சாக்கில் கன்னத்தில் அறைந்துகொண்டேன்.

“அப்ப அந்தச் செருப்பு சேத்துக்குள்ள போகல. வேற ஒருத்தன் முதுகுல ஏறி ஆத்தங்கரைக்குப் போயிருக்கு. கம்பியில பதினொண்ணு தொங்கியிருக்கு. மாரிகா எண்ணினது சரி.”

“அதை அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?” குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“இது என் மூளை சொல்றது. ஆபீஸ்காரன் மூளையைக் கேக்க மாட்டான், ஆளைக் கேப்பான்” என்று சொல்லிவிட்டு பாஸ் நடந்தார்.

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, “பாஸ், ரொட்டி சாப்பிடலாமா? உப்பு மீன் வெச்சுக் கட்டியிருக்கேன்” என்றேன்.

*

மூன்றாவது குட்டை கறுப்பாக, அலையே இல்லாமல் கிடந்தது. அதன் கரையில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றோம். எனக்கு இறங்கவில்லை. நான் சாப்பாட்டை மிச்சம் வைத்ததை பாஸ் பார்த்தார்.

“மீட்புக் குழுக்காரன் ஒருத்தன்கிட்ட பேசினேன். உங்க கூட்டத்தோட தடம் மாட்டு வண்டி போன மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சாம். ஆனா இந்த இடத்துலேர்ந்து தனியாப் பிரிஞ்சு போன தடம் ஒண்ணுகூட இல்லையாம். ஏன்?”

“கிழவர் பறந்துட்டார் போல.”

“திரும்பிப் பாரு.”

பார்த்தேன். நாங்கள் வந்த வழி முழுக்கப் பாசியில் முட்டை முட்டையாகப் பள்ளம். என்னுடையது ஒவ்வொன்றும் ஒரு வாஷ்பேசின்.

“இந்தச் செருப்பு போட்டு நடந்தா ரெண்டு வாரம் தடம் அழியாது. வெறும் பூட்ஸோட திட்டு திட்டா தாவிப் போனா தடமே இருக்காது. அப்ப கிழவர் வேணும்னேதான் கழட்டியிருக்கார். தான் எங்க போறோம்னு யாருக்கும் தெரியக் கூடாது. எதுக்காக ஒரு மனுஷன்...”

பாஸ் எழுந்து நின்றார். கிழக்கே ஒரு திட்டில், நரைத்த பாசிக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைப் பழம் வெயிலில் பளபளத்தது. முரகாப் பழம், சதுப்பில் மட்டும் விளைகிற காட்டுப் பழம். அடுத்த கணம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழக்குக்கு முதுகு காட்டி நின்றுவிட்டார்.

“நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல” என்றார்.

“பாக்கல பாஸ்” என்று நானும் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒருத்தரிடம் வீட்டுச் சாவியைக்கூடக் கேட்டு வாங்கலாம். முரகாப் பழம் எங்கே பறிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. வாளியோடு போகிறவரைப் பார்த்தால் வானத்தைப் பார்க்க வேண்டும். அப்பன் தன் பிள்ளைக்கே கடைசிக் காலத்தில்தான் இடத்தைச் சொல்லுவான். சிலர் சொல்லாமலே போய்விடுவார்கள்.

எண்டெல் அன்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். முட்டி போய்விட்டதால் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லையாம். வாளியோடு புறப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரன் மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வருகிறானாம். அதனால் டிக்கெட் வாங்கி, கழுத்தில் ஒரு ஓட்டைக் கேமராவை மாட்டிக்கொண்டு சுற்றுலாக்காரராக வந்துவிட்டார். வாளி முதுகுப் பைக்குள். ஊருக்கெல்லாம் டிமிக்கி கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது.

இதே குட்டைக்கரையில்தான் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “கம்பியில மாட்டிடு. ஒண்ணு குறைஞ்சா அந்தப் பொண்ணு என்னைத் தேடிக்கிட்டு மொத்தக் கூட்டத்தையும் என் பழத்து மேல ஓட்டிக்கிட்டு வந்துடும். அந்தப் பக்கம் பழைய வாய்க்கால் ஓரமா ரோட்டுக்குப் போயிடுவேன், சைக்கிள் வெச்சிருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே. உசுரு இருக்கற வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டு பாட்டில் ஜாம் உனக்கு.”

“செருப்பில்லாம எப்படிப் போவீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டேன். “அறுபது வருஷமா நடக்கறேன்டா” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இரண்டு பாட்டில் ஜாமுக்காக ஒரு கிழவர் காலிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டேன். சத்தியம் வேறு பண்ணிக் கொடுத்தேன்.

“என்ன யோசனை?” என்றார் பாஸ்.

“ஈ கடிக்குது பாஸ்.”

அவர் தண்ணீர்ப் பாட்டிலை மூடிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

*

ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி ஒன்றரை. செருப்பு மாட்டும் கம்பி வெறுமையாக இருந்தது. பாஸ் தன்னுடையதை மாட்டினார், நான் என்னுடையதை மாட்டினேன். என் செருப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது.

“இப்ப படகுக் கணக்கு” என்றார் பாஸ். “ஆறு படகு. அஞ்சு ரெட்டை, ஒரு ஒத்தை. பதினோரு பேருக்குச் சரியா இருக்கும். வந்தது பத்துப் பேர், ஆனா ஆறு படகும் துறைக்குப் போயிருக்கு. அப்ப ஒரு ரெட்டைப் படகுல ஒரே ஆள் வந்திருக்கணும். யாரு அது?”

“மாரிகா பாக்கலையா?”

“அவ முன்னாடி தன் படகுல போயிட்டா. துறையில சூப் ஊத்திக்கிட்டு இருந்திருக்கா, படகை மட்டும் எண்ணியிருக்கா. நீ எதுல வந்த?”

“ஒத்தைல.” இந்தப் பொய்யைப் பத்து நாளைக்கு முன்பே மாரிகாவிடம் சொல்லியிருந்தேன். பழகிப்போனதால் தடங்கலில்லாமல் வந்தது. “தனியா வந்தவன் தனியாத்தானே போகணும்?”

“அப்ப உக்காரு” என்றார் பாஸ்.

பலகையோரம் ஒற்றை கயாக் கட்டியிருந்தது. உட்காரும் ஓட்டையைப் பார்த்தேன். அன்று அதில் போன ஃபின்லாந்துக்காரப் பெண் ஊதினால் விழுந்துவிடுவாள். என்னைப் பொறுத்தவரை அது ஒரு மோதிரம்.

பின்வாங்கினால் மாட்டிக்கொள்வேன். பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இடுப்பு நின்றது. மூச்சைப் பிடித்து, பெல்ட்டைக் கழற்றி, வலப் பக்கம் கொஞ்சம் இடப் பக்கம் கொஞ்சமாகத் திணித்தேன். படகு முனகியது. ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். உள்ளே போய்விட்டேன்!

“பாத்தீங்களா!” என்று துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். “சந்தேகமாப் பாத்தீங்களே! கச்சிதமா இருக்கு!”

“இருக்கு” என்றார் பாஸ். “இப்ப வெளிய வா.”

எம்பினேன். படகும் சேர்ந்து எம்பியது. இன்னொரு தடவை எம்பினேன். இடுப்புக்குக் கீழே நான் படகாகவே மாறியிருந்தேன்.

பாஸ் பலகையில் குந்தி உட்கார்ந்தார். “அன்னிக்குத் துறையில யாரும் யாருக்கும் கை கொடுக்கல, அவங்கவங்களே எறங்கிட்டாங்கன்னு மாரிகா சொன்னா. நீ எப்படி எறங்கின?”

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

“எப்பலேர்ந்து தெரியும் பாஸ்?”

“அந்தத் தாளைப் பாத்ததுலேர்ந்து. நம்ம ஆபீஸ் நோட்டுடா அது. தடியா, கட்டம் போட்ட நோட்டை வாங்கறதே நான்தான்.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. “காலையிலேர்ந்து மூணு எடத்துல நின்னேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ரொட்டி கொடுத்த.”

“அப்ப நீங்களே மாரிகாகிட்ட சொல்லிடுங்க பாஸ். எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்க முடியாது. கைகூப்பிக் கேக்கறேன்.”

“என்னால முடியாது.”

“ஏன்?”

“நம்மளைக் கூப்பிட்டது எண்டெல்.”

துடுப்பு என் கையிலிருந்து நழுவியது. பாஸ் எட்டிப் பிடித்துக் கொடுத்தார்.

“நேத்து பார்னுக்குப் போனேன். என்கிட்ட மட்டும் வாயைத் திறந்தார். ‘அந்தத் தடிப்பயல் வாயை நான்தான் சத்தியம் வாங்கிக் கட்டினேன். சத்தியத்துலேர்ந்து விடுவிச்சுட்டேன்னு போய்ச் சொல்லு. ஆனா அவனாப் பேசணும். நீ பேசக் கூடாது. நீ பேசினா அவன் ஆயுசுக்கும் தலை நிமிர மாட்டான்’னார். என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார், அந்தப் பிடிவாதக் கிழம். கொடுத்துட்டேன்.”

“என் மேல கோவமா இருந்தாரா?”

“செருப்பை வாங்கினதுக்கா? இல்ல. கிழக்குன்னு எழுதிட்டியாம். காப்பாத்த வந்தவனுங்க மூணு பேரு போன ஞாயித்துக்கிழமை வாளியோட வந்துட்டுப் போயிட்டானுங்களாம். அதுக்குத்தான் ஒரு மணி நேரம் திட்டினார். நடுவுல ரெண்டு தடவை ஆக்சிஜன் வெச்சாங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் ஜெயித்தது. மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“மணி ரெண்டாகப் போகுது. நாலு மணிக்கு அவ கடுதாசியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவா” என்றார் பாஸ். “நான் கண்டுபிடிச்சது எதுக்கும் உதவாது ரைவோ. உன் வாய்தான் வேணும். தினம் தினம் தேவையில்லாததுக்கெல்லாம் திறக்கறியே, அந்த வாய்.”

பாஸ் வேறொரு கயாக்கில் ஏறி எனக்குப் பக்கத்திலேயே வந்தார். அந்த ஆற்றில் அவ்வளவு மெதுவாக யாரும் துடுப்புப் போட்டிருக்க மாட்டார்கள். திரும்பிப் போகலாம் என்றுகூட ஒரு தடவை தோன்றியது. தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடியது.

*

துறைப் பலகையில் மாரிகா நின்றிருந்தாள். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. எங்களைப் பார்த்ததும் விரலை நீட்டினாள்.

“ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணினாள். பிறகு மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

“மாரிகா, எண்ணாதீங்க” என்றேன்.

“என்ன?”

“உங்க எண்ணிக்கை சரி. அன்னிக்கும் சரி. கம்பியில பதினோரு ஜோடிதான் தொங்குச்சு. எண்டெலோட செருப்பை என் பையில போட்டுத் தூக்கிட்டு வந்து நான்தான் மாட்டினேன். ரெட்டைப் படகுல ஒத்தையா வந்தவன் நான்தான். அவர் யார்கிட்டயும் சொல்லாதேன்னார், ஜாம் தரேன்னார், சரின்னுட்டேன். காலையில செய்தி வந்தப்பவும் சொல்லல, துண்டுச் சீட்டு எழுதி வெச்சுட்டு ஓடிட்டேன். அதுக்கப்புறம் பத்து நாளும் சொல்லல. பயந்துட்டேன்.”

மாரிகா அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் மெல்லப் பலகையில் உட்கார்ந்தாள்.

“பதினொண்ணு” என்றாள்.

“பதினொண்ணு.”

“நான் சரியா எண்ணினேன்.”

“சரியா எண்ணினீங்க.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், சொன்னேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பாஸ் தன் படகில் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மாரிகா எழுந்தாள். “நான் செருப்பை எண்ணினேன், மூஞ்சியை எண்ணல. அது என் தப்பு, அதை நான் எழுதுவேன். மிச்சம் உன்னோடது” என்றாள். கண் சிவந்திருந்தாலும் குரல் நேராக இருந்தது. “வெளிய வா.”

“முடியாது.”

“என்ன முடியாது? இவ்வளவு சொல்லிட்டு இப்ப என்ன?”

“நெஜமாவே முடியாதுங்க. மாட்டிக்கிட்டேன்.”

அவள் படகைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள். உதடு ஒரு நொடி துடித்தது. அது சிரிப்பாக இருக்கும் என்று நான் நம்பினேன், ஆனால் இல்லை. சட்டைப் பையிலிருந்த உறையைக் கிழித்து, உள்ளிருந்த கடிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி என் படகு மேல் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

“அப்ப உக்காந்தே எழுது. எழுதி முடிச்சாத்தான் இழுத்து விடுவேன். ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்கு? அவர் எங்க திரும்பினார்னு மட்டும் எழுதாதே. அது எனக்குத் தெரிய வேணாம்.”

“எந்தக் கையால எழுதணும்?” என்று வாய் தன்னால் கேட்டது.

“வலது கையால” என்றார் பாஸ், திரும்பாமலே.

படகு ஆடியது. மாரிகா குனிந்து அதன் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பேனாவைத் திறந்து முதல் வரியை எழுதினேன்.

‘செருப்பு பதினொன்று. ஆள் பத்து. வித்தியாசம் நான்.’